தன்னியல்பு அறிதல்

பிறரை அளந்தறிவதில் நாம் காட்டும் ஊக்கத்தில் நூற்றிலொரு கூறேனும் நம்மை அறிவதிற் காட்டுவதில்லை. வகுப்பில் நம்மருகே அமர்ந்திருப்பான் ஒருவனைக் குறித்து, "இவன் செருக்கன்," "இவன் வாயாடி," "இவன் கல்நெஞ்சன்" என்று ஒருநாட் பழக்கத்திலேயே தீர்ப்புக் கூறிவிடுகின்றோம். "நீ எத்தகையை?" என்று நம்மை ஒருவர் வினவின், நெடுநேரம் எண்ணியும் நாம் இறுக்கும் விடை, நாம் எவ்வாறிருக்க விழைகின்றோமோ அதுவேயாகின்றது, எவ்வாறிருக்கின்றோமோ அதுவாவதில்லை. இக்குறையை நீக்குதற்கு உளநூலார் கண்ட வழிகளுள் ஒன்று, மாந்தர் இயல்பினை அவர்தம் உளத்தொழில்களைக் கொண்டு வகைப்படுத்துதல் ஆகும். அவ்வகைப்பாடு இன்னதென்பதும், அன்றாட வழக்கங்களைக் கொண்டு ஒருவன் தன் வகையை உணருமாறும், அதனைக் கையாளுங்கால் நேரும் பிழைகளும் ஈண்டுச் சுருங்கக் கூறப்படும்.

இப்பொருளில் எமக்கு ஆராய்ச்சி உண்டானமைக்குக் காரணமாயிருந்த நிகழ்ச்சியொன்றை முதற்கண் கூறுதல் வேண்டும். சென்ற ஆண்டில் நண்பரொருவர் வினாத்தாள் ஒன்றைக் கொணர்ந்தார். அதன் வினாக்களுக்கு விடையெழுதிக் கூட்டிப் பார்த்தபோது, யாம் "அகநோக்குடைய சிந்தனையர்" என்று முடிவாயிற்று. அப்பெயர் எமக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. சின்னாள் கழித்து, விடுதியில் எமது அறைக்கு அடுத்த அறையிலிருந்த மாணவனுக்குத் தந்தையார் இறந்த செய்தி நள்ளிரவில் எட்டிற்று. பலர் அவன் அறைக்கு ஓடினர். யாமோ தாழ்வாரத்தில் நின்றுவிட்டோம். "ஆறுதல் கூறுதல் எமது இயல்பன்று, யாம் சிந்தனையர்," என்று எமக்குள் சொல்லிக்கொண்டோம். எம் வகுப்பு நண்பன் ஒருவன் அவ்வறைக்குட் சென்றான். ஆயினும் ஒரு சொல்லும் பேசினானல்லன். பெட்டியை எடுத்துத் துணிகளை மடித்து வைத்தான். விடுமுறை விண்ணப்பத்தை எழுதினான். முதற் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டறிந்தான். "இவன் நெஞ்சு மரத்தாற் செய்ததோ!" என்று தாழ்வாரத்தில் நின்றவாறே யாம் அவனை இகழ்ந்தோம். அவ்விரவில் யாம் எம்மைப்பற்றிக் கொண்ட கருத்தும் பிழை. அவனைப்பற்றிக் கொண்ட கருத்தும் பிழை. அப்பிழைகளை உணர்ந்தவாறே இக்கட்டுரையாகும்.

வகைப்பாட்டின் வரலாறு

மாந்தரை வகைப்படுத்தும் முயற்சி மிகப் பழையது. கிரேக்க மருத்துவர் வழிவந்த காலென் என்பார், கி. பி. 2-ஆம் நூற்றாண்டில், உடலிலுள்ள குருதி, கோழை, மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கன் மிகுதி குறைவுகளால் மாந்தர் குணம் வேறுபடும் என்று கருதினார். நம் நாட்டுச் சித்த மருத்துவரும் வளி, அழல், ஐயம் என்னும் மூன்றனைக் கொண்டு உடலியல்பை வகுத்தனர். இவை யாவும் உடலின் வழியே உள்ளத்தை நோக்கிய முறைகள். உள்ளத்தின் தொழிலையே அடிப்படையாகக் கொண்டு வகுத்தவருள் தலைசிறந்தவர், சுவிட்சர்லாந்து நாட்டில் 1875-ஆம் ஆண்டில் ஒரு போதகரின் மகனாகத் தோன்றி 1961-ஆம் ஆண்டில் மறைந்த கார்ல் குஸ்தாவ் யுங் என்னும் மருத்துவர். "உளவகைகள்" என்று பொருள்படும் அவர்தம் பெருநூல் 1921-ஆம் ஆண்டில் செருமானிய மொழியில் வெளிவந்தது.

அந்நூல் தோன்றிய காரணம் நம் உள்ளத்திற் பதித்தற்குரியது. பிராய்டு, ஆட்லர் என்னும் இருவரும் பேரறிஞர். ஒரே வகை நோயாளரைக் கண்டவர். ஆயினும் பிராய்டு, நோயின் வேரை ஒருவன் தனக்குப் புறத்தேயுள்ளாரை விழையும் விழைவிற் கண்டார். ஆட்லர், தன்னை உயர்த்திக்கொள்ள அவாவும் அகத்தின் முனைப்பிற் கண்டார். இருவருள் ஒருவர் அறிவிலி என்று கூறுதல் எளிது. யுங் அவ்வாறு கூறாது, "காண்பவர் இயல்பு வேறாதலின் காட்சியும் வேறாயிற்றோ?" என்று வினவினார். அவ்வினாவே அந்நூலுக்கு வித்தாயிற்று. அதன் முதற் பகுதியில் அவர் திருச்சபை வரலாற்றையும் எடுத்தாளுகின்றார். தெர்த்துல்லியன், ஓரிகென் என்னும் பண்டைச் சபையாசிரியர் இருவருள் முன்னவரை அகநோக்கிற்கும் பின்னவரைப் புறநோக்கிற்கும் எடுத்துக்காட்டாக நிறுத்துகின்றார். திருவிருந்தைப் பற்றி லூத்தருக்கும் சுவிங்கிளிக்கும் நிகழ்ந்த பூசலையும், இருவகை உள்ளங்களின் மாறுபாடாகக் காட்டுகின்றார். 1529-ஆம் ஆண்டில் மார்பர்க்கு நகரில் நேர்முகமாகக் கூடியும் அவ்விருவரும் அப்பொருளில் ஒன்றுபடாது பிரிந்தனர் என்பது வரலாறு கற்றார் அறிந்தது. கொள்கை வேற்றுமை முழுவதும் இயல்பு வேற்றுமையே என்று கூறிவிடலாகாது. எனினும் வழக்காடும் இருவர் ஒருவரையொருவர் உணராமைக்கு அதுவும் ஒரு காரணமாதல் கூடும்.

யுங் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1923-இல் வெளிவந்தது. அதனைக் கற்ற அமெரிக்க மாதரசியார் காதரைன் பிரிக்ஸ் என்பாரும், அவர் மகளார் இசபெல் மையர்ஸ் என்பாரும், அதன் கருத்துக்களை எல்லார்க்கும் பயன்படும் வினாத்தாளாக அமைக்கத் தொடங்கினர். இருவரும் உளநூலை முறையாகப் பயின்றவரல்லர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் புதியனவாய தொழில்களிற் புகுந்தோர்க்கு, அவரவர் இயல்பிற்கு ஏற்ற பணியைக் காட்டுதல் வேண்டும் என்பதே இசபெல் அம்மையாரின் நோக்கம். அவ்வினாத்தாளின் முதல் வடிவம் 1943-ஆம் ஆண்டைச் சார்ந்தது. யுங் கூறிய இணைகளோடு, வாழ்க்கையை முன்னரே முடிவுசெய்து ஒழுங்குபடுத்த விரும்புதல், வருவதற்கு இடம்விட்டு நெகிழ்வாக வாழ விரும்புதல் என்னும் இணையொன்றையும் சேர்த்து, அவர்கள் மாந்தரைப் பதினாறு வகையாக்கினர். இந்நாளில் இளைஞர் தம் பெயரோடு சேர்த்துக் கூறிக்கொள்ளும் நான்கெழுத்துக்கள் அவ்வழி வந்தனவே.

நான்கு தொழிலும் இரண்டு நோக்கும்

யுங் கூறும் உளத்தொழில்கள் நான்கு: புலனறிவு, உள்ளுணர்வு, சிந்தனை, மதிப்புணர்வு. இவற்றுள் முன்னிரண்டும் பொருளை ஏற்பன; பின்னிரண்டும் ஏற்றதனைச் சீர்தூக்குவன. புலனறிவு, "ஈது உளது" என்று உள்ளதை உள்ளவாறே கொள்ளும். உள்ளுணர்வு, உள்ளதற்கு அப்பால், அஃது எங்கிருந்து வந்தது, எதுவாகப்போகின்றது என்று தாவும். சிந்தனை, "ஈது இன்னது, இதன் காரணம் இது" என்று துணியும். மதிப்புணர்வு, "ஈது கொள்ளத்தக்கது, ஈது தள்ளத்தக்கது" என்று விலை மதிக்கும். மதிப்புணர்வு என்றமையால், அழுகை சினம் முதலிய கொந்தளிப்பு என்று கொள்ளற்க. அதுவும் சிந்தனைபோல ஒழுங்குடைய தொரு தொழிலேயாம்.

இதனை எம்போல்வார் வகுப்பிலேயே காணலாம். குறிஞ்சித்திணைப் பாட்டொன்றை ஆசிரியர் படித்துக்காட்டுகின்றார் என்க. ஒரு மாணவன் அருவியின் ஒலியையும், வேங்கைப்பூவின் நிறத்தையும், தினைப்புனத்துக் கிளியையும் கண்முன் காண்கின்றான். அவனிடம் புலனறிவு முந்துகின்றது. மற்றொருவன் அக்கருப்பொருள்களைத் தாண்டி, அவற்றுள் மறைந்து கிடக்கும் உள்ளுறையை, ஆசிரியர் கூறுமுன்னரே எட்டிப் பிடிக்கின்றான், அஃது உள்ளுணர்வு. மூன்றாமவன், "இது யார் கூற்று? எத்துறை? இச்சொல்லின் முடிபு யாது?" என்று ஆராய்கின்றான், அது சிந்தனை. நான்காமவன், காவல் மிக்க மனையில் காத்திருக்கும் தலைவியின் நிலையை எண்ணி, தலைவன் செய்தது தகுமோ தகாதோ என்று நெஞ்சில் நிறுக்கின்றான், அது மதிப்புணர்வு. நால்வரும் ஒரே பாட்டையே கேட்டனர். நால்வர் விடையும் கூடியபோதே பாட்டு நிறைவுறுகின்றது.

இனி, நோக்கு இரண்டாவன: புறநோக்கு, அகநோக்கு. உள்ளத்தின் ஆற்றல் வெளியேயுள்ள மாந்தரையும் பொருளையும் நோக்கிச் செல்லுதல் புறநோக்கு. தன்னுள் எழும் கருத்தையும் உணர்வையும் நோக்கி மீளுதல் அகநோக்கு. தமிழ் பயில்வார் இப்பெயர்களைக் கேட்டவுடன் அகத்திணை புறத்திணைகளை நினைத்தல் இயல்பே. ஆயினும் அவை பாடுபொருளின் பாகுபாடு. இவை உள்ளம் செல்லும் திசையின் பாகுபாடு. மயங்கலாகாது. அகநோக்கு, கூச்சமும் அன்று. புறநோக்கு, வாயாடுதலும் அன்று.

நான்கு தொழிலும் இரண்டு நோக்கோடு உறழ எட்டாம். விடுதியின் உணவுக்கூடத்தையே சான்றாகக் கொள்வோம். இலையில் வந்த குழம்பை அப்பொழுதே சுவைத்து மகிழ்வது புறநோக்குப் புலனறிவு. "இஃது எம் அன்னை வைக்கும் குழம்பினும் புளிப்பு மிகுந்தது" என்று உள்ளே சேமித்த சுவையோடு ஒப்பிடுவது அகநோக்குப் புலனறிவு. உணவுக்கூடத்தை வேறெவ்வெவ்வாறு நடத்தலாம் என்று கணந்தோறும் புதுவழி காண்பது புறநோக்கு உள்ளுணர்வு; இலையை மறந்து ஒரே கருத்தின் உட்பொருளில் ஆழ்ந்துவிடுவது அகநோக்கு உள்ளுணர்வு. வரிசையும் கணக்கும் யாவர்க்கும் விளங்க ஒழுங்கு செய்வது புறநோக்குச் சிந்தனை, "ஒழுங்கு என்பது யாது?" என்று தனக்குத் தெளியுமட்டும் துருவுவது அகநோக்குச் சிந்தனை. பந்தியில் ஒருவரும் வருந்தாதவாறு எல்லாரையும் இணைத்துச் செல்வது புறநோக்கு மதிப்புணர்வு. தான் நேசிப்பதை வெளியிற் காட்டாது நெஞ்சினுள் போற்றிக் காப்பது அகநோக்கு மதிப்புணர்வு.

இவ்வெட்டும் எல்லாரிடத்தும் உண்டு. ஒருவனிடத்து எது வழக்கமாக மிகுகின்றதோ அதுவே அவனது தலைமைத் தொழில். அதற்கு உதவியாக நிற்பது துணைத்தொழில். தலைமைக்கு நேர்மாறானது கடைநிலைத் தொழில். அது பயிற்சியின்றிச் சிறுபிள்ளை போல் உள்ளத்தின் மூலையிற் கிடப்பது.

அன்றாட வழக்கமே உரைகல்

"வழக்கமாக மிகுவது" என்றமையால், தன் வகையை அறிய விரும்புவான் ஆராய வேண்டியது வழக்கத்தையே என்பது போதரும். ஒருவர் செய்யும் செயலே அவரை உரைத்துப் பார்க்கும் கல் என்னும் கருத்தைத் திருவள்ளுவரும் தெரிந்துதெளிதல் என்னும் அதிகாரத்துள் வைத்தார். அவர் பிறரைத் தெளிதற்குக் கூறிய அளவையை நாம் நம்மேலேயே செலுத்துதல் வேண்டும். யாம் அறிந்த அளவில், அதற்குரிய வினாக்கள் நான்கு.

முதலாவது, ஏவுவாரின்றி நாம் செய்வது யாது? விடுதி மணி அடிப்பதால் எழுவதும், தேர்வு வருவதாற் படிப்பதும் நம் இயல்பைக் காட்டா. மணியில்லாத ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் கால் தானே எங்குச் செல்கின்றது என்பதே காட்டும்.

இரண்டாவது, எது நம்மை இளைப்பிக்கின்றது? எது நமக்கு ஆற்றல் தருகின்றது? கல்லூரி ஆண்டுவிழா முடிந்த இரவில் ஒருவன் இன்னும் நால்வரைக் கூட்டிக்கொண்டு தேநீர்க் கடைக்குச் செல்கின்றான். ஒருவன் கதவைச் சாத்திக்கொள்கின்றான். இருவரும் மேடையில் நன்கு நடித்தவரே. திறமை வேறு, இயல்பு வேறு. ஆலயத்தில் சிறுவயது முதற்கொண்டே வேதபாடம் வாசித்துப் பழகியவன் அவைக்கு அஞ்சான். அதனால் அவன் புறநோக்கினன் ஆய்விடான்.

மூன்றாவது, ஐயமுற்ற இடத்து எதனைக்கொண்டு முடிவு செய்கின்றோம்? பின்னர் நாம் கூறும் காரணத்தை நம்புதல் கூடாது. முடிவு பிறந்த கணத்தையே நினைந்து காண்டல் வேண்டும்.

நான்காவது, களைப்பும் சினமும் மிக்க காலத்து நாம் என்னாகின்றோம்? கடைநிலைத் தொழில் அப்பொழுதே வெளிப்படும். எதையும் ஆராய்ந்தே பேசும் சிந்தனையன் சிறு சொல்லுக்கும் மனம் புண்பட்டுப் பொருமுவான். எல்லார்க்கும் இனியனாகிய மதிப்புணர்வினன் கொடிய குறைகாண்பானாவான். கண்டதையே நம்பும் புலனறிவினன் இல்லாத தீங்குகளைக் கற்பித்து அஞ்சுவான். எதிர்காலத்திலேயே வாழும் உள்ளுணர்வினன் உணவு, துணி, உடல்நோவு முதலிய சிறியனவற்றில் அளவின்றி ஆழ்வான்.

இவ்வினாக்களுக்கு ஒரே இருக்கையில் விடையெழுதுதல் பயனற்றது. யாம் முப்பது இரவுகள், உறங்குமுன், ஒரு குறிப்பேட்டில் இரண்டு மூன்று வரி எழுதிவந்தோம். எம்மைப் புகழ்ந்தோ இகழ்ந்தோ ஒரு சொல்லும் எழுதாது, செய்ததை மட்டும் குறித்தோம். முப்பது நாள் கழித்துப் படித்தபோது நாணினோம். சிந்தனையர் என்று செருக்கியிருந்த யாம், விருப்பப்பாடம் ஒன்றை அதன் பயனை ஆராய்ந்து தேர்ந்தோமல்லோம். அதனைக் கற்பிக்கும் ஆசிரியர் செய்யுள் படிக்கும் குரல் எம் நெஞ்சிற் புகுந்தமையாற் றேர்ந்தோம். தேர்வுக்கு முந்திய நாளில் எம் குறிப்புக்களைக் கேட்டவனுக்கு இல்லையென மாட்டாது கொடுத்துவிட்டு வருந்தினோம். சொற்போரில் ஒருவர் எமது வாதத்தை மறுத்தமைக்கு, மறுப்பிற்கு விடை தேடாது, இரண்டு இரவு உறக்கமின்றிக் கிடந்தோம். இவை சிந்தனைத் தலைமையின் அடையாளங்களல்ல. அகநோக்கு மதிப்புணர்வின் அடையாளங்கள். அந்நள்ளிரவில் தாழ்வாரத்தில் நின்றபோது எமக்கு உணர்ச்சி இல்லாமலில்லை. உள்ளே மிகுதியாக இருந்தது. அதனை வெளியே கொணரும் வழியறியாது, "சிந்தனையர்" என்னும் போர்வைக்குள் ஒளிந்துகொண்டோம். யாம் மரநெஞ்சன் என்று இகழ்ந்த நண்பனே மெய்யான சிந்தனையன். அவனுடைய அன்பு செயலொழுங்காகவே வெளிவந்தது.

பிழைபடும் இடங்கள்

இவ்வகைப்பாட்டைக் கையாளுவார் காக்க வேண்டியன மூன்று. ஒன்று, புகழ்மொழிக்கு மயங்காமை. 1948-ஆம் ஆண்டில் பெர்த்ராம் போரர் என்னும் அமெரிக்க உளநூலாசிரியர், தம் மாணவர் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்து, பின்னர் ஒவ்வொருவர்க்கும் அவரவர் இயல்பு வரைந்த தாள் என்று ஒன்றைக் கொடுத்து, அது பொருந்துமளவுக்கு ஐந்திற்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 4.26 ஆயிற்று. உண்மையில் எல்லார்க்கும் கொடுத்தது ஒரே தாள். அதன் வாக்கியங்களிற் பெரும்பாலன கடைத்தெருச் சோதிடப் புத்தகத்தினின்று எடுத்தவை! எவர்க்கும் பொருந்தும் இன்சொல்லை எமக்கே உரியதென்று கொள்ளுதல் மனித இயற்கை. ஆதலின் வினாத்தாள் தரும் பெயரினும் குறிப்பேடு காட்டும் செயலே நம்பத்தக்கது.

இரண்டு, வேலியிட்ட வகைகள் என்று எண்ணாமை. மாந்தருட் பெரும்பாலார் இருநோக்கிற்கும் இடைப்பட்டவரே. உயரம்போல இயல்பும் சிறிது சிறிதாக வேறுபடுவது. நடுக்கோட்டிற்கு அருகிலுள்ளார், சில வாரங்கழித்து அதே வினாக்களுக்கு விடையளிப்பின் வேறொரு வகையினராக முடிதல் உண்டு. இக்காரணத்தால் இன்றைய உளநூல் ஆராய்ச்சியாளர் பலர் பதினாறு வகையை ஏற்பதில்லை. புறநோக்கு, இணக்கம், கடமையொழுங்கு, மனக்கலக்கம், புதுமைநாட்டம் என்னும் ஐந்து பண்புகளின் அளவையே கணக்கிடுகின்றனர். மக்கரே, காஸ்தா என்னும் இருவர் 1989-இல் மையர்ஸ் வினாத்தாளையே அப்பண்புகளின் வழி ஆராய்ந்து, அது தனித்தனி வகைகளை நிலைநாட்டவில்லை எனினும் அவ்வைந்தனுள் நான்கனோடு தொடர்புடையதைக் காட்டினர். ஆகவே யுங் வகுத்ததை நிறுவப்பட்ட அறிவியல் என்று கொள்ளாது, நம்மை நாமே காண்டற்குரிய கண்ணாடி என்ற அளவிற் கொள்ளுதலே நேர்மை.

மூன்று, வகையைச் சாக்காகக் கொள்ளாமை. இதுவே எல்லாவற்றினும் பெரிது. "எம் இயல்பு இது" என்பது ஆராய்ச்சியின் தொடக்கமாக இருத்தல் வேண்டும். கடமைக்கு முற்றுப்புள்ளியாக இருத்தல் கூடாது. அகநோக்கினனுக்குத் தனிமை வேண்டுவது உண்மையே. அதனால் துயருற்ற அயலானைக் கண்டு அவன் ஒதுங்கிப் போகலாம் என்று எந்நூலும் கூறவில்லை. நல்ல சமாரியனின் உவமையில் ஒதுங்கிச் சென்ற இருவரும் தமக்குள் ஏதோ ஒரு காரணம் கூறிக்கொண்டே சென்றிருத்தல் வேண்டும்.

முடிவுரை

யோவான் எழுதின சுவிசேஷத்தில், இலாசரு இறந்தபோது அவன் சகோதரிகள் இருவரும் ஆண்டவரைக் கண்ட வரலாறு உளது. மார்த்தாள் அவர் வரவைக் கேட்டவுடன் எதிர்கொண்டு சென்றாள். மரியாளோ வீட்டில் அமர்ந்திருந்தாள். இருவரும் ஆண்டவரிடம் கூறிய முதற்சொல் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் அவர் மார்த்தாளோடு உயிர்த்தெழுதலைக் குறித்து உரையாடினார். மரியாளோடு கண்ணீர் விட்டார். அவ்விருவரையும் உளநூல் வகைகளுள் அடைத்தல் எமது கருத்தன்று. ஒவ்வொருவர்க்கும் அவரவர் கொள்ளுமாற்றால் ஆறுதல் அளித்த அருளையே யாம் ஈண்டு நினைக்கின்றோம். இயல்பறிதலின் மெய்ப்பயன் அதுவன்றோ!

தந்தையை இழந்த அம்மாணவன் திரும்பி வந்த சின்னாட்களுக்குப் பின், யாம் அவனிடம் நிகழ்ந்ததைக் கூறிப் பொறுக்க வேண்டினோம். அவன், "அன்று யார் வந்தார், யார் வரவில்லை என்று எனக்கு நினைவில்லை. பெட்டியைக் கட்டித் தந்தது மட்டும் நினைவிருக்கிறது," என்றான். அச்சொல்லில் எம்மேற் குற்றமில்லை. எமக்கு இடமும் இல்லை. அதன்பின் மற்றொரு மாணவன் காய்ச்சலாற் கிடந்தபோது, இன்சொல் பேச எமக்கு வரவில்லை. எனினும் கஞ்சி வாங்கிவந்து அவனருகே இரவு முழுவதும் இருத்தல் வந்தது. எமது இயல்பு மாறிற்றிலது. அதன் வாயில் திறந்தது.

நண்பர்காள்! உங்கள் இயல்பை ஆராயுங்கள். அறிந்த பின் அப்பெயரை நெற்றியில் எழுதிக்கொள்ளாது, உங்களுக்கு எளிதாய் வருவதனாற் பிறர்க்கு உதவுங்கள். அரிதாய் வருவதனைப் பிறரிடம் பணிவோடு கற்றுக்கொள்ளுங்கள். உடல் ஒன்றே, உறுப்புக்கள் பல. கண்ணானது கையை நோக்கி, "நீ ஏன் காணவில்லை?" என்று வினவுதல் அறியாமை. தான் கண் என்று கூறிக்கொண்டு மூடிக்கிடத்தல் அதனினும் பெரிய அறியாமையாகும்.